வாட்டர்ஷெட்: வகிடு எது, நிலம் எது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் புவியியல் வகுப்பிலிருந்து வாட்டர்ஷெட், கேச்மென்ட் என்று இரண்டு சொற்களைக் கொண்டுவருகிறார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இவற்றுக்குத் தமிழ் தேடினால், பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே விடைதான் கிடைக்கும்: நீர்ப்பிடிப்புப் பகுதி. சொல்லை உடைத்து மொழிபெயர்க்கும் பிள்ளையோ 'தண்ணீர்க் கொட்டகை' என்று எழுதிவிடுகிறது. இரண்டாவது வெறும் பிழை, திருத்திவிடலாம். முதலாவதுதான் தொல்லை. இரண்டு ஆறுகளின் நீரைப் பிரிக்கும் ஒரு கோட்டுக்கும், ஓர் ஆற்றுக்கு நீர் வடியும் ஒரு நிலத்துக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டால், வரைபடத்தில் எதை வரைவது, எதை வண்ணமிடுவது என்று பிள்ளைக்கு விளங்குவதில்லை.

ஆங்கிலச் சொல்லில் உள்ள 'ஷெட்' கொட்டகை அல்ல. பிரித்தல் என்னும் பொருளுள்ள பழைய ஆங்கில வினையின் மிச்சம் அது. தலைமுடியை இரண்டாகப் பிரிக்கும் கோட்டையும் ஸ்காட்லாந்து வழக்கில் 'ஷெட்' என்றே சொன்னார்கள். ஜெர்மன் மொழியின் 'வாசர்ஷைட', அதாவது நீர்ப்பிரிவு, என்ற சொல்லைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாட்டர்ஷெட் உருவானது. அப்போது அது குறித்தது இரண்டு ஆறுகளின் நீரைப் பிரிக்கும் முகட்டுக் கோட்டை மட்டுமே. பிறகு அமெரிக்க வழக்கில் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் நிலம் முழுவதற்கும் அதே பெயர் பரவியது. பிரிட்டிஷ் வழக்கு கோட்டோடு நின்றுகொண்டது. தென்னாப்பிரிக்கப் பாடநூல் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழியில் போகிறது; இணையத்தில் பிள்ளை பார்க்கும் காணொளி அமெரிக்க வழியில் பேசுகிறது. குழப்பத்தின் வேர் இதுதான்.

ஆஃப்ரிகான்ஸ் மொழியில் இந்தச் சிக்கல் இல்லை. கோட்டுக்கு 'வாட்டர்ஸ்கெய்டிங்', நிலத்துக்கு 'ஒப்பஃபாங்கெபீட்'. முதலாவதில் பிரித்தல், இரண்டாவதில் பிடித்தல். நாட்டின் 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டமும் நிலத்தைக் கேச்மென்ட் என்றே சொல்கிறது: பெய்யும் மழை மேற்பரப்பில் ஓடி ஒரு பொது இடத்துக்கு வடியும் பரப்பு. 'பொது இடம்' என்பதைப் பிள்ளைகள் அடிக்கோடிட வேண்டும். எந்த இடத்துக்கு வடியும் நிலம் என்று கேட்காமல் கேச்மென்ட்டை வரையவே முடியாது. பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடையின் பாலத்தைக் குறித்தால் ஒரு பரப்பு வரும். ஆற்றின் கழிமுகத்தைக் குறித்தால் வேறொரு பரப்பு வரும்.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை, பங்கிடுவதில்தான் கவனம் வேண்டும். கோட்டுக்கு 'நீர்பிரிமேடு' என்ற பாடநூல் சொல் இருக்கிறது. பொருள் சரி. ஆனால் மேடு என்றதும் பிள்ளை ஒரு குன்றை நினைக்கிறது, கோட்டை நினைப்பதில்லை. அதைவிட 'நீர்வகிடு' நன்றாகப் பதியும். வகிர்தல் என்றால் கீறிப் பிரித்தல். வகிடு அதன் வழி வந்த சொல். சீப்பால் வகிடு எடுத்த தலையில் தண்ணீரைத் தெளித்தால் பாதி இடப்புறமும் பாதி வலப்புறமும் இறங்கும். ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளும் இதே தலைவகிடுதான் என்பது நல்ல பொருத்தம்.

நிலத்துக்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. 'நீர்ப்பிடிப்புப் பகுதி' செய்தித்தாள் சொல். அணைக்கு மேலே மழை பெய்யும் மலைப்பகுதியையும் அது குறிக்கிறது, ஏரியில் நீர் தேங்கி நிற்கும் பரப்பையும் அது குறிக்கிறது, இவை ஒன்றல்ல. 'நீர்வடிப்பகுதி' தமிழ்நாட்டு அரசுத் திட்டங்களில் வாட்டர்ஷெட்டுக்கு நிலைத்த சொல், சோறு வடிப்பது போல நீர் வடிவதைச் சொல்கிறது. 'நீரேந்து பகுதி' இலங்கை வழக்கு. பிள்ளைகளுக்கு இந்தக் கடைசிச் சொல்லையே கொடுக்கலாம். இரண்டு கைகளையும் குழித்து ஏந்திக் காட்டினால் போதும்: விரல் நுனிகளும் உள்ளங்கை விளிம்பும் வகிடு, குழி முழுவதும் நீரேந்து பகுதி, மணிக்கட்டுப் பக்கம் ஒழுகும் இடம் ஆற்றுவாய். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் சிறு கண்மாய்களுக்கு ஏந்தல் என்றே பெயர், பல ஊர்ப் பெயர்கள் அதில் முடிகின்றன. ஆக, சொல் இறக்குமதி அல்ல.

ஒரு பெரிய ஆற்றின் முழு நிலத்தையும் 'வடிநிலம்' என்பதே சரி. பலர் 'ஆற்றுப்படுகை' என்கிறார்கள். படுகை என்பது ஆறு படுத்திருக்கும் இடமும் அதன் கரையோர வண்டலும். மலை உச்சியில் இருக்கும் புல்வெளியைப் படுகை என்றால் பிள்ளை எப்படி நம்பும்? வடிநிலத்தை டெல்டாவுக்கும் சிலர் எழுதுகிறார்கள், அதையும் தவிர்க்கலாம். 'வாட்டர்ஷெட் நிகழ்வு' என்று வரலாற்றுப் பாடத்தில் வந்தால் அது திருப்புமுனை; நீரோடு அதற்கு வேலை இல்லை.

உம்கேனி ஆற்றை எடுத்துக்கொண்டால் வகிடு, நீரேந்து பகுதி, வடிநிலம் என்ற சொற்கள் மூன்றும் தம் இடத்தில் அமர்கின்றன. உம்கேனி வ்லேய் என்ற மேட்டுச் சதுப்பில் பிறந்து, மிட்மார் அணையைக் கடந்து, 95 மீட்டர் ஹோவிக் அருவியில் விழுந்து, ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனான்டா என்னும் மூன்று அணைகளையும் கடந்து, டர்பனில் புளூ லகூன் அருகே கடலில் சேர்கிறது. வடிநிலம் ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். நாட்டின் நீர்த்துறை எல்லா வடிநிலங்களையும் ஏ முதல் எக்ஸ் வரை 22 எழுத்துகளால் பிரித்திருக்கிறது (ஐ, ஓ இல்லை). உம்கேனி யு20, அதற்குள் சிறு பகுதிகளுக்கு யு20ஏ, யு20பி என்று தொடரும். தம் பள்ளியின் குறியீட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் அஞ்சல் எண்ணைப் போல அதை மனப்பாடம் செய்துகொள்வார்கள்.

இந்த ஆறு நம்மவர்களுக்கு அயலான ஆறும் அல்ல. இந்தியாவிலிருந்து வந்து கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தம் முடிந்த குடும்பங்கள் பல இதன் கரைச் சமவெளியில் காய்கறித் தோட்டம் போட்டன. 1917 அக்டோபர் வெள்ளம் அந்தக் குடியிருப்புகளை அடித்துச் சென்றது. மாரிமுத்து படவட்டானும் உடனிருந்த மீனவர்களுமாக ஆறு பேர் படகில் போய் நூற்றெழுபதுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். கரையில் விழுந்த மழை மட்டும் அப்படி ஒரு வெள்ளத்தைக் கொண்டுவராது. மேலே ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரில் விழுந்தது ஒரே வாயில் வந்து சேர்கிறது. வகிடு எங்கே என்று பிள்ளைகள் அறிய வேண்டிய காரணம் இதுதான்.

வகுப்பில் தொடங்க ஒரு தாள் போதும். ஏ3 அளவுத் தடித்த வரைதாளை நன்றாகக் கசக்கி, முக்கால்வாசி விரித்து, தட்டில் வைத்து நான்கு மூலைகளையும் உள்நோக்கி இழுத்து ஒட்டவும். நடுவில் முகடுகள் 8 முதல் 10 சென்டிமீட்டர் எழும்பி நிற்க வேண்டும். நீரில் கரையும் கோக்கி பேனாவால் (மை ஊறும் வண்ணப் பேனா) முகடுகளின் மேல் மட்டும் பழுப்புக் கோடு இழுக்கச் சொல்லவும். ஒரு சரிவில் குப்பைக்காகச் சிவப்புப் புள்ளிகள் நாலைந்து. பிறகு 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தெளிப்பான் புட்டியால் இருபது முறை பனி போலத் தெளிக்கவும். பழுப்பு இரண்டு பக்கமும் இறங்கிப் பள்ளங்களில் சேரும். சிவப்பு எந்தக் குளத்தில் போய் நிற்கிறதோ, அந்தக் குளத்தின் நீரேந்து பகுதியில்தான் அந்தச் சரிவு இருக்கிறது.

இது கெடும் இடங்கள் தெரிந்தவையே. அழியாத மை கோக்கியை எடுத்தால் எதுவும் நகராது. செய்தித்தாள் ஐந்தாவது தெளிப்பில் குழைந்து படுத்துவிடும். தெளிப்பானின் மூக்கைத் தாரையாகத் திருப்பினால் முகடு உடையும். அடிக்கடி நேரும் தவறு வேறு: நீல நிறத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் ஆறு வரைவதாக எண்ணிப் பள்ளத்தில் கோடு போடுவார்கள். நிறம் ஏற்கெனவே பள்ளத்தில் இருப்பதால் நீர் எதையும் காட்டாது. அதனால்தான் பழுப்பு.

அடுத்தது வரைபடம், ஆறாம் ஏழாம் வகுப்புக்கு. 1:50 000 அளவுத் தாளில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி நல்ல பாடம்: அந்த மேட்டுக்கு வடக்கே உம்லதுசானா ஆறு, தெற்கே உம்லாஸ் ஆறு. வடசரிவில் விழும் துளி டர்பன் துறைமுகத்துக்குப் போகிறது. தென்சரிவில் விழுவது கால்வாய் வழியாக நேரே கடலுக்கு. வகிடு வீட்டுக் கூரைகளின் மேலேயே ஓடுகிறது.

வரைபடத்தின் மேல் படியெடுக்கும் தாளை வைத்து, முதலில் ஆற்றுவாய்ப் புள்ளியைக் குறிக்க வேண்டும். அங்கிருந்து இருபுறமும் மேலே ஏறி, சமஉயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டே முகட்டோடு போய் உச்சியில் இரு கோடுகளையும் சேர்க்க வேண்டும். வளைவின் கூர்முனை மேட்டை நோக்கினால் அது ஓடைப் பள்ளம். தாழ்வை நோக்கினால் முகடு. இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு ஓடையோடு கோடு இழுப்பவர்களே அதிகம். சரிபார்க்க ஒரே விதி: தொடங்கிய புள்ளியைத் தவிர வேறெங்கும் கோடு ஆற்றைத் தாண்டக் கூடாது.

பரப்பைக் கணக்கிட ஒரு சென்டிமீட்டர் கட்டத்தாள் போதும். நான்கு கட்டம் ஒரு சதுர கிலோமீட்டர். பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் கட்டத்தை மட்டும் எண்ணவும். 48 கட்டம் வந்தால் 12 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் என்பதால், அதில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 30 கோடி லிட்டர், அதாவது 5,000 லிட்டர் ஜோஜோ தொட்டி (பிளாஸ்டிக் நீர்த்தொட்டி) அறுபதாயிரம். இதில் எவ்வளவு ஆற்றுக்கு ஓடும் என்பது புல்லா, தார்ச்சாலையா, கூரையா என்பதைப் பொறுத்தது. பள்ளி முற்றத்துச் சாக்கடைக் கம்பிவலை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். டர்பனில் மழைநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. முற்றத்தில் போட்ட சிப்ஸ் பொட்டலம் நேரே ஆற்றுக்குத்தான் போகும்.

ஓடைக்குப் போனால், நீரின் தரத்தை அதில் வாழும் பூச்சிகளைக் கொண்டு அறியும் மினிசாஸ் முறை உண்டு, தென்னாப்பிரிக்காவிலேயே உருவானது. கல்லைப் புரட்டி, வலையில் சேர்ந்த பூச்சிகளை வெள்ளைத் தட்டில் பார்த்து 13 வகைகளில் எவை இருக்கின்றன என்று குறிப்பது. தூய நீரில் மட்டும் வாழும் ஸ்டோன்ஃப்ளை பூச்சிக்கு 17 மதிப்பெண், அட்டைக்கும் புழுவுக்கும் 2. எத்தனை பூச்சி என்று எண்ணக் கூடாது, எத்தனை வகை என்பதே கணக்கு. மொத்தத்தை வகைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மொத்தத்தையே விடையாக எழுதுவதும், பெருமழைக்கு மறுநாளே போய்ப் பார்ப்பதும் தவறான முடிவைத் தரும். தேங்கிய வெதுநீரில் நத்தை இருந்தால் பில்ஹார்சியா நோய் தரும் புழு இருக்கலாம், அது தோல் வழியே நுழையும். வெறுங்காலோடு யாரையும் இறக்க வேண்டாம். கம்பூட் (ரப்பர் காலணி) இல்லாத பிள்ளை கரையில் நின்று எழுதட்டும்.

கடைசியில் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எந்த வடிநிலம்? பெருமளவு உம்கேனிதான், ஆனால் அது மட்டுமல்ல. துகேலா வடிநிலத்தைச் சேர்ந்த மோய் ஆற்று நீர் குழாய் வழியாக வகிட்டைத் தாண்டி மிட்மார் அணைப் பக்கம் கொண்டுவரப்படுகிறது. வரைபடத்தில் இதற்கு வகிட்டைக் குறுக்கே வெட்டும் ஒரு புள்ளிக்கோடு போட்டு, பக்கத்தில் 'குழாய்' என்று எழுதச் சொல்லவும்.