இட்லியைச் சுற்றி ஒரு புழு ஊற்று

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். மொட்டை மாடியில் காய்கறிக் கழிவு போடும் மண்பானை. உள்ளே கொழுகொழுவென்று நூற்றுக்கணக்கில் புழுக்கள். "சார், மருந்து அடிச்சுக் கொல்லணுமா, இல்ல கோழிக்குப் போடலாமா? இதைத் தின்ன கோழியோட முட்டையைத் தொட மாட்டேன்னு மாமியார் சொல்றாங்க." வாசகி தர்மபுரிக்காரர். அதே மாடியில் நாலு நாட்டுக்கோழி வளர்க்கிறார்.

மருந்து வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். நினைத்தது சரிதான். ஹெர்மீசியா இலுசென்ஸ் என்ற ஈயின் புழுக்கள். பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் கருஞ்சிப்பாய் ஈ, வளர்ப்பவர்கள் பி.எஸ்.எஃப். என்றே சொல்கிறார்கள். வளர்ந்த ஈ பார்க்கக் குளவி மாதிரி இருக்கும், ஆனால் கொட்டாது. வீட்டு ஈயைப் போல நம் சோற்றில் வந்து உட்காருவதும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் உயிரோடு இருந்து, இணை சேர்ந்து, அழுகும் பொருளுக்குப் பக்கத்து இடுக்கில் ஐந்நூறுக்கும் மேல் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். தின்னுகிற வேலை முழுக்கப் புழுப் பருவத்தில்தான்.

அந்தத் தின்னும் விதத்தைப் பற்றித்தான் நான் எழுத ஆசைப்பட்டேன்.

ஒரு பழைய இட்லியை ஈரமாக்கி, ஒரு தட்டில் புழுக்களுக்கு நடுவே வைத்தோம். முதலில் பக்கத்தில் இருந்தவை ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் இட்லியே தெரியவில்லை. காதைக் கிட்டே கொண்டுபோனால் பொரியில் தண்ணீர் தெளித்தது போல ஒரு மெல்லிய சரசரப்பு. இத்தனை நெரிசலில் பின்னால் இருப்பவற்றுக்கு எப்படித் தீனி கிடைக்கிறது?

இதே கேள்வியை அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு எடுத்துக்கொண்டு, 2019-ல் விடையை வெளியிட்டது. ஒரு புழு ஓயாமல் தின்பதில்லை. ஐந்து நிமிடம் போலத் தின்னும், அப்புறம் சும்மா கிடக்கும். மொத்தத்தில் பாதி நேரம்கூடத் தின்பதில்லை. ஆக, தீனியை ஒட்டிக் கிடப்பவற்றில் பல, கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தும் இலையை விட்டு எழாதவர்கள் மாதிரி, வழியை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். பந்தியில் நாம் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்போம். புழு அப்படி நிற்பதில்லை. பசித்த புழுக்கள் அடிப்பக்கமாக நுழைந்து முட்டுகின்றன. அந்தத் தள்ளலில், தின்றுவிட்டுக் கிடப்பவை மேலே பிதுக்கப்பட்டு, கூட்டத்தின் முதுகில் உருண்டு வெளியே விழுகின்றன. கீழே உள்ளே போகும் ஓட்டம், மேலே வெளியே வரும் ஓட்டம்: ஆய்வாளர்கள் இதை ஊற்று என்றே வர்ணித்தார்கள். தலைவன் கிடையாது, வரிசை கிடையாது. பசித்தவன் தள்ளுகிறான், வயிறு நிறைந்தவன் நகர்கிறான், அவ்வளவுதான். பத்தாயிரம் புழு சேர்ந்தால் 16 அங்குல பீட்சா ஒன்றை இரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிடும் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். எங்கள் இட்லி தீரக் கொஞ்சம் கூடவே ஆனது. தட்டில் இருந்தவை சில நூறுதானே.

இப்படித் தின்றதெல்லாம் என்ன ஆகிறது? காய்ந்த புழுவில் சுமார் 40 சதவீதம் புரதம். கொழுப்பிலும் குறைவில்லை, அதில் பெரும்பங்கு லாரிக் அமிலம், நம் தேங்காய் எண்ணெயில் இருக்கும் அதே சரக்கு. தேங்காய் தின்றதனால் வருவதல்ல, மாவுச்சத்திலிருந்து புழு தானே செய்துகொள்கிறது. தோலில் கால்சியம் கார்பனேட் வேறு படிகிறது, முட்டை ஓடும் அதனால் ஆனதுதான். அதற்காகக் கோழிக்குக் கொடுக்கும் கிளிஞ்சல் தூளை நிறுத்திவிட வேண்டாம். ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும், புழுவை மட்டும் நம்பினால் கட்டாது.

பெங்களூருக்கு முட்டை லாரிகள் கிளம்பி வரும் நாமக்கல்லில் கோழித் தீவனம் என்றால் முக்கியமாக மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். சோயா விலை ஏறினால் பண்ணைக்காரர் கதி என்ன என்று 2021-ல் பார்த்தோம். 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதிக்க வேண்டியிருந்தது. அந்தச் சோயாவில் ஒரு பங்கைப் புழு மாவு ஈடுகட்டலாம். ஒரு பங்கைத்தான். முழுவதையும் மாற்றிப் பார்த்த ஓர் இத்தாலியச் சோதனையில் கோழிகள் தீனியும் குறைவாகத் தின்றன, முட்டையும் குறைவாக இட்டன.

ஆடுகோடியில் கால்நடை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனம், ஹெப்பாளில் பூச்சி வளங்களுக்கான தேசிய நிறுவனம், ஹெசரகட்டாவில் மத்தியக் கோழி வளர்ப்பு நிறுவனம். மூன்றும் பெங்களூரிலேயே. கே.ஆர். மார்க்கெட்டில் தினமும் அழுகும் காய்கறியும் இங்கேதான். மூன்றையும் சேர்த்துப் புழுத் தீவனத்துக்கென்று பத்து வருஷத்துக்கு ஒரு திட்டம் போட்டுத் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி. புழு என்றதும் முகம் சுளிப்பவர்கள், ராமநகரத்தில் பட்டு நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழு எங்கே போகிறது என்று விசாரித்துப் பார்க்கட்டும். அதுவும் கோழிக்கும் மீனுக்கும் தீனியாகிறது.

மாமியாரிடம் நான் வாதாடவில்லை. ஆனால் 'சைவத் தீவனம் தின்ற கோழி' என்று அட்டையில் அச்சடித்துக் கூடுதல் விலை வாங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். எந்தக் கோழி குப்பையைக் கிளறும்போது கீரையை மட்டும் பொறுக்கியது?

பயப்பட வேண்டிய விஷயம் வேறு. புழு தின்னும் கழிவில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் அது புழுவின் உடம்பிலும் சேரும். மாட்டுப் பித்து நோய்க்குப் பயந்து 2001-ல் விலங்குப் புரதத் தீவனத்தைத் தடை செய்த ஐரோப்பிய ஒன்றியம், 2021-ல்தான் கோழிக்குப் பூச்சி மாவை அனுமதித்தது. அப்போதும் தீவனப் புழுவைச் சமையலறை எச்சில் போட்டு வளர்க்கக் கூடாது என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் வாசகியிடம் சொன்னது: காய்கறித் தோல், பழத்தோல் போதும். கறி மிச்சம் வேண்டாம், தெருக் குப்பை வேண்டவே வேண்டாம். இட்லி என் ஆராய்ச்சிக்காக ஒரு நாள் மட்டும், அந்தத் தட்டுப் புழுக்களைத் தனியே ஒதுக்கிவிட்டோம்.

பொறுக்கி எடுக்கும் வேலையையும் புழுவே செய்துவிடும். முதிர்ந்ததும் கருத்து, தின்பதை நிறுத்தி, குடலைக் காலி செய்துகொண்டு, காய்ந்த இடம் தேடி ஏறிவிடும். பானையின் உள்ளிருந்து சாய்வாக ஒரு பிவிசி குழாயை வெளியே விட்டோம். நாலாம் நாள் அவரிடமிருந்து இன்னொரு படம்: விடியற்காலை, குழாயின் வாய்க்கு நேர் கீழே நாலு கோழிகளும் கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்த்தபடி.