அஜாக்கிரதை: ஒரு சொல்லுக்குள் இரண்டு குற்றங்கள்

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து" என்ற தொடர் இல்லாத சாலை விபத்து முதல் தகவல் அறிக்கையைத் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் காண்பது அரிது. விழித்திருத்தலைக் குறிக்கும் சமஸ்கிருத வேரிலிருந்து வந்த ஜாக்கிரதையின் எதிர்மறையே அஜாக்கிரதை. விழிப்பின்மை என்பது அதன் நேர்ப்பொருள். சட்டத்தின் ஆங்கில மூலமோ 'ராஷ்', 'நெக்ளிஜென்ட்' என இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. கேடு வரக்கூடும் என்று தெரிந்தும் துணிவது முன்னது. செலுத்த வேண்டிய கவனத்தைச் செலுத்தாமல் விடுவது பின்னது. அமெரிக்க, பிரித்தானிய வான்போக்குவரத்து விதிகளில் வரும் 'ரெக்லெஸ்' முன்னதற்கு நெருங்கிய உறவு. பழைய ஆங்கிலத்தில் 'ரெக்' என்றால் பொருட்படுத்துதல். எனவே ரெக்லெஸ் என்பது பொருட்படுத்தாமை.

இந்த வேறுபாடு எத்தனை ஆண்டுச் சிறை என்பது வரை செல்லும். 2007 மார்ச் 7 அன்று இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் தரையிறங்கிய கருடா நிறுவனத்தின் போயிங் 737 விமானம், சுமார் 134 நாட் (விமான வேகத்தை அளக்கும் அலகு) வேகத்தில் தொட வேண்டிய ஓடுதளத்தை 221 நாட் வேகத்தில் தொட்டு, ஓடுதளத்தைக் கடந்து ஓடி எரிந்தது. 140 பேரில் 21 பேர் இறந்தனர். எச்சரிக்கைக் கருவி 15 முறை ஒலித்திருந்தது. துணை விமானி 'கோ அரவுண்ட்' என்று, அதாவது இறங்குவதைக் கைவிட்டு மேலேறும்படி சொல்லியும் இருந்தார். தலைமை விமானிக்குக் கவனக்குறைவுக்காக 2009 ஏப்ரலில் 2 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. விமானிகள் சங்கங்கள் எதிர்த்தன. அதே ஆண்டில் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பும் ரத்தானது. கேட்டும் பொருட்படுத்தவில்லையா, இறங்குவதிலேயே மனம் குத்திட்டு நின்றதால் காதில் விழவே இல்லையா? விசாரணை அறிக்கை இரண்டாவதன் பக்கம் சாய்ந்தது. அப்படியானால் 2 ஆண்டு குறைவில்லை. கேட்டும் துணிந்திருந்தால், 21 உயிருக்கு அது மிகக் குறைவு.

தமிழில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொல்லை ஆள முடியும். விழிப்புத் தவறுவதற்குத் திருக்குறளின் 54ஆம் அதிகாரத்திலேயே 'பொச்சாப்பு' இருக்கிறது. மகிழ்ச்சியில் மயங்கி மறத்தலை அது குறிக்கிறது. வழக்கொழிந்துவிட்ட சொல் என்பதால், அறிக்கை எழுதும் காவலருக்கு 'கவனக்குறைவு' போதும். ரெக்லெஸ் என்பதற்கு 'துணிச்சல்' என்று எழுதினால் பாராட்டாகிவிடும். 'அலட்சியம்' சரியான பொருளைத் தொட்டாலும் வடசொல். "எண்ணித் துணிக கருமம்" என்ற குறளடியைத் திருப்பிப் போட்டு 'எண்ணாத் துணிவு' என்று எழுதுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நம் சட்டமும் இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டு ஒரே உச்ச வரம்பைத்தான் வைத்திருக்கிறது. உயிரிழப்புக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் 2 ஆண்டாக இருந்த அந்த வரம்பு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் 5 ஆண்டாகியிருக்கிறது. எச்சரிக்கையைக் கேட்டும் இறங்கியவருக்கும் கேளாமல் இறங்கியவருக்கும் அது பொது.