ட்ரபீசியஸ்: சரிவகமா, கொங்காணியா?

ஜிம்முக்குப் போகிறவர்கள் கழுத்தடியைத் தட்டி 'ட்ராப்ஸ்' என்பார்களே, அதன் முழுப்பெயர் ட்ரபீசியஸ். அவர்கள் தட்டுவது தசையின் மேல்பகுதியை மட்டும்தான். பின்மண்டையில் தொடங்கும் இது பிடரி வழியாக இறங்கி, 12ஆவது மார்பு முள்ளெலும்பு வரை முதுகில் படர்ந்திருக்கிறது. பக்கவாட்டில் காறை எலும்பையும் தோள்பட்டை எலும்பையும் பிடித்துக்கொள்கிறது.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ட்ரபெசா' என்றால் மேசை. நாலு கால் உள்ளது என்பது அடிப்படைப் பொருள். காசு மாற்றுகிறவர்கள் மேசை போட்டு உட்கார்ந்த வழக்கத்தால் இன்றும் கிரேக்கத்தில் வங்கிக்கு இதே சொல்தான். சின்ன மேசை 'ட்ரபெசியோன்'. சதுரம், நீள்சதுரம், சாய்சதுரம், இணைகரம் போக மிஞ்சிய நாற்கரங்களுக்கெல்லாம் யூக்ளிட் இந்தப் பெயரைத்தான் வைத்தார். ஒரு பக்கத்துத் தசை வெறும் முக்கோணம். இரு பக்கமும் சேர்த்துப் பார்த்தால்தான் நாற்கரம் தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பள்ளிக் கணக்கில் ட்ரபீசியம் என்பது சரிவகம். ஆகவே 'சரிவகத் தசை'. ஒரு நெருடல் உண்டு: சரிவகத்தில் ஒரு சோடி பக்கங்கள் இணையாக இருக்கும், இந்தத் தசையில் அப்படி இல்லை. பார்வைக்கு இது வால் இல்லாத பட்டம். ஆனாலும் 'சாய்சதுரத் தசை' என்று மாற்றக் கூடாது. அந்தப் பெயர் இதன் அடியிலேயே இருக்கும் ராம்பாய்டு என்ற வேறொரு தசைக்கு உரியது. 'முக்கோணத் தசை' என்றால் தோளில் முக்கோணமாக இருக்கும் டெல்டாய்டு தசையோடு குழம்பும்.

இதற்குப் பழைய லத்தீன் பெயர் ஒன்று உண்டு: குகுல்லாரிஸ். துறவிகளின் தலைமூடி அங்கியிலிருந்து வந்தது. எனக்கு இதுதான் பிடித்த பெயர், ஏனென்றால் நம்மிடம் அதற்கு நேர்ச்சொல் இருக்கிறது. மழையில் வயலுக்குப் போகிறவர் சாக்கின் ஒரு மூலையை இன்னொன்றுக்குள் மடித்துத் தலையில் போட்டுக்கொள்வாரே, அந்தக் கொங்காணி. தலையிலிருந்து தோளை மூடி முதுகில் தொங்கும் அந்தச் சாக்கு, இந்தத் தசை கிடக்கும் இடத்தை அப்படியே காட்டிவிடும்.

வேலையும் சின்னதல்ல. தோளைத் தூக்குவது மேல்பகுதி, தோள்பட்டைகளைப் பின்னால் இழுப்பது நடுப்பகுதி, கீழே இறக்குவது அடிப்பகுதி. கொடியில் துணி போடக் கையை உயர்த்தும்போது மேல்பகுதியும் அடிப்பகுதியும் சேர்ந்து தோள்பட்டை எலும்பைச் சுழற்றிவிடுகின்றன. இதை இயக்குவது 11ஆவது மண்டை நரம்பு. கழுத்தில் நெறிக்கட்டி எடுக்கும் அறுவையில் அந்த நரம்பு அடிபட்டால் தோள் தொங்கிவிடும், கை முழுதாக உயராது.

பாடநூலுக்குச் சரிவகத் தசையே இருக்கட்டும். கழுத்து வலியோடு வரும் பெரியவரிடம் மட்டும், "ஐயா, கொங்காணி போடுற இடத்துல இருக்கிற தசை" என்று சொல்லிப் பாருங்கள். அவரே கையை வைத்துக் காட்டிவிடுவார்.