ட்ரிப் சுவிட்சை ஏசாதீர்கள்

போன மாரியில் சாம்பல்தீவுப் பக்கமிருந்து ஒரு தம்பி ஃபோன் எடுத்தார். கரையில் ஏற்றிவைத்த ஃபைபர் படகின் அடியைக் கிரைண்டரால் சுரண்டிக்கொண்டிருந்தாராம். "அண்ணை, வீட்டு ட்ரிப் சுவிட்ச் பழுதாப்போச்சு. கிரைண்டரைப் போட்டா விழுந்துகொண்டே இருக்குது. அதைக் கழற்றிப்போட்டு நேரே லைனைத் தந்துவிடுங்கோ."

போய்ப் பார்த்தேன். குசினியிலிருந்து கரைவரை எக்ஸ்டென்ஷன் வயர் ஓடியது. நடுவே முறுக்கி டேப் சுற்றிய இரண்டு மூட்டுகள்; ஒன்று ஈர மணலில் புதைந்து கிடந்தது. டேப்பைப் பிரித்தால் செம்பில் பச்சை பூத்திருந்தது. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு டேப் எம்மாத்திரம்! ட்ரிப் சுவிட்சில் ஒரு பழுதும் இல்லை.

அது செய்வது ஒரே வேலை. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சரிசமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் வழக்கமாக இருப்பது 30 மில்லி அம்பியர் ட்ரிப். அந்தளவு வித்தியாசம் வருவதற்குள் வெட்டிவிடும். காணாமல் போன கரண்ட் ஈர மணலுக்குள் போயிருக்கலாம், ஆளுக்குள்ளும் போயிருக்கலாம். 230 வோல்ட்டை நனைந்த கையால் தொட்டால் 200 மில்லி அம்பியர் வரைகூட உடம்புக்குள் ஓடக்கூடும். பத்துப் பதினைந்திலேயே கை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போய்விடும். ஆனால் ஒரு கையில் கரண்ட் வருகிற லைவ் கம்பியும் மறுகையில் அது திரும்புகிற நியூட்ரல் கம்பியும் பிடித்தால் ட்ரிப்புக்கு ஒன்றும் தெரியாது; போவதும் வருவதும் சமம்தானே. அது மந்திரக் கயிறு இல்லை.

மூட்டுகளைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. அந்த வயரில் இரண்டே கம்பி. கசிகிற கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகும் பச்சை-மஞ்சள் எர்த் கம்பி இல்லை. கிரைண்டரில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருந்தது. அப்படியான இரட்டை இன்சுலேஷன் மெஷினுக்கு எர்த் தேவையில்லை, சரி. ஆனால் அதே வயரில்தான் அப்பாவின் பழைய இரும்பு உடம்பு ட்ரில்லும் ஓடுகிறது. எர்த் இருந்தால், ட்ரில்லின் உடம்பில் கரண்ட் ஏறிய கையோடு ட்ரிப் விழும். ஆள் தொடத் தேவையில்லை. எர்த் இல்லாவிட்டால், ட்ரிப் விழுவதற்கு முதலில் யாராவது அதைத் தொட வேண்டும்.

பிளக் பொயிண்டையும் பார்த்தேன். 13 அம்பியர் பொயிண்டின் எர்த் துளைக்குள் பேனை மூடியைக் குத்தி, மற்றத் துளைகளை மூடியிருக்கும் சின்னக் கதவைத் திறந்து, இரண்டு கால் உருண்டை பிளக்கைச் செருகியிருந்தார்கள். திருகோணமலையில் நான் ஏறியிறங்கும் வீடுகளில் பாதியிலாவது இந்தக் காட்சி உண்டு. பிளக் தளதளவென்று ஆடும், சூடேறும், உள்ளே ஃபியூஸும் இல்லை. முறையான 13 அம்பியர் பிளக் அவ்வளவு விலையில்லை.

ரீலில் சுற்றிய வயர் என்றால் முழுவதையும் இழுத்துவிட்டுப் பாவியுங்கள். சுற்றியபடியே வெல்டிங் பிளாண்ட் ஓட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே உருகும். உருகி ஒட்டிப்போன ரீல் ஒன்றை இன்னும் என் ஸ்டோரில் வைத்திருக்கிறேன், நம்பாதவர்களுக்குக் காட்ட.

மூட்டில்லாத மூன்று கம்பி வயரும் புதுப் பிளக்கும் போட்டுக் கொடுத்தேன். ட்ரிப் விழவில்லை. ட்ரிப்பில் 'டி' என்று எழுதிய பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்க்கும்படி தம்பியிடம் சொன்னேன். அது ட்ரிப் வேலை செய்கிறதா என்று மட்டும்தான் காட்டும், எர்த் நல்லதா என்பதை வேறாகத்தான் சோதிக்க வேண்டும். தம்பி அப்போதே அழுத்தினார். வீடு இருண்டது.

"ஆரடா அது, நாடகம் போய்க்கொண்டிருக்கேக்க!" என்றார் உள்ளேயிருந்து அம்மா.