சிறுநீர்க் குழாய் அடைப்புக்கு எண்டோஸ்கோப்பி சிகிச்சை: முதலமைச்சர் காப்பீட்டு கார்டு எப்படி உதவும்?

வேலூர் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்துவிட்டு நாள் முழுக்க வேலை பார்ப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் வருவது அதிசயமில்லை. கல் என்றால் பெரும்பாலும் வலி காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய் மெல்ல மெல்லச் சுருங்கினால் பலருக்கு வலியே இருக்காது. பிறவியிலேயே குழாய் தொடங்கும் இடம் குறுகியிருக்கலாம். பழைய காசநோயோ, எப்போதோ செய்த கர்ப்பப்பை ஆபரேஷனோ தழும்பு விட்டிருக்கலாம். சிறுநீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கி, சத்தமில்லாமல் செயலிழக்கும். அதனால் ஸ்கேனில் ‘வீக்கம்’ என்று வந்தால், செலவுக்குப் பயந்து தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது இதற்குப் பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய எண்டோஸ்கோப்பை (கேமரா பொருத்திய குழாயை) உள்ளே செலுத்தி, கல்லை லேசரால் உடைப்பார்கள். சுருங்கிய இடத்தைக் கீறியோ பலூன் வைத்தோ விரிப்பார்கள். பலர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடலாம். நீண்ட தூரம் சுருங்கியிருந்தால் இந்த முறை சரிவராது. அப்போது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியோ திறந்த அறுவையோ வேண்டியிருக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-இல் தொடங்கியது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இது தலைக்கு 5 லட்சம் அல்ல, குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. அப்போது கிடைக்காது என்று திரும்பிப் போனவர்கள் இப்போது மறுபடி விண்ணப்பித்துப் பாருங்கள்.

ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அது சத்துவாச்சாரியில். 2019-இல் மாவட்டம் பிரிந்துவிட்டதால் ஆற்காடு, அரக்கோணம் பக்கத்தவர்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். பழைய பழக்கத்தில் சத்துவாச்சாரிக்கு வந்து பஸ் காசை வீணாக்காதீர்கள்.

பணம் கட்டி வைத்தியம் பார்த்துவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. இது ரொக்கமில்லாத் திட்டம். சேரும்போதே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கார்டைக் காட்டுங்கள். அவர்கள் ஸ்கேன், பரிசோதனை முடிவுகளை அனுப்பி முன் அனுமதி வாங்குவார்கள். தனியார் மருத்துவமனை திட்டத்தில் இருந்தாலும், சிறுநீர்ப் பாதை அறுவைப் பிரிவும் (யூராலஜி) அதில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அடுக்கம்பாறை போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கார்டைக் கொடுங்கள். சிகிச்சை அங்கே எப்படியும் இலவசம்தான்; ஆனால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேரும்.

அப்புறம், ஸ்டென்ட். சிகிச்சைக்குப் பிறகு குழாய் அடைபடாமலிருக்க ‘டிஜே ஸ்டென்ட்’ என்ற மெல்லிய குழாயை உள்ளே வைப்பார்கள். அது உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வரும், லேசாக எரியும், சில நேரம் ரத்தமும் கலந்து வரும். ஸ்டென்ட் உள்ளே இருப்பது பொதுவாகச் சில வாரங்களுக்குத்தான்; பிறகு எடுத்துவிட வேண்டும். வலி போய்விட்டதே என்று எடுக்காமல் விட்டவர்களுக்கு அதன்மேலேயே கல் படிந்து, இன்னும் பெரிய ஆபரேஷனில் போய் முடியும். எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். அதை எடுப்பதற்கான செலவும் அனுமதித்த தொகையில் அடங்குமா, தனியாக அனுமதி கேட்க வேண்டுமா என்பதையும் அன்றே காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிடுங்கள்.

அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு யாராவது தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம்.