வெயிலே இல்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள்

கத்திரி தொடங்கியும் வானம் மூட்டமாகவே கிடந்தது, நடுவில் இரண்டு கோடைமழை வேறு. இராமநாதபுரம் கடற்கரை ஊர் ஒன்றில் வைத்தியம் பார்க்கும் எனக்கு இப்படிக் குளிர்ச்சியாகத் தொடங்கும் கோடையில்தான் கவலை அதிகம். மேகம் கலைந்த மூன்றாம் நாள் உப்பளத்திலிருந்து ஒரு அக்காவைத் தூக்கி வந்தார்கள். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருந்தது, வாந்தி, தலைசுற்றல். "மதுரையிலதானே 40, இங்க 35தானே டாக்டரம்மா" என்று கூட வந்தவர் போனைக் காட்டினார்.

அந்த எண் பொய்யில்லை. பாம்பனில் எந்தப் பக்கமிருந்து காற்றடித்தாலும் கடலைத் தொட்டுத்தான் வரும், அதனால் மதுரை அளவுக்குச் சூடு ஏறாது. ஆனால் அதே காற்று ஈரத்தையும் கொண்டு வருகிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் கருவாடு காயுமா? அப்படித்தான் வியர்வையும் காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உப்பும் நீரும் போகும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். வெப்ப அலை என்று சொல்ல வானிலைத் துறை சமவெளிக்குக் குறைந்தது 40 டிகிரி பார்க்கிறது, கடற்கரைக்குக் குறைந்தது 37.

இன்னொன்று, வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். மூட்டமான நாட்களில் அந்தப் பழக்கம் வருவதில்லை, அப்புறம் ஒரே நாளில் வெயில் சுள்ளென்று திரும்பும்போது ஆட்கள் விழுகிறார்கள். வெயில் திரும்பிய முதல் வாரம் வேலையைப் பாதியாகத் தொடங்குங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) பெரிய பாக்கெட்டை முழு ஒரு லிட்டரில் கரையுங்கள், ஒரு டம்ளரில் கரைத்துக் குடிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன், அது தவறு. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வெயில் நாளில் அதை எப்படிச் சாப்பிடுவது என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பேச்சு குழறினாலோ ஆள் தெரியாமல் உளறினாலோ, வியர்த்துக்கொண்டிருந்தாலும் சரி, நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அந்த அக்கா காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பாத்திக்குப் பக்கத்தில் ஒதுங்க இடமில்லை, அதனால் குடிப்பதே இல்லை என்றார். கடல்பாசி எடுக்கும் பெண்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், நாலு பனையோலைத் தட்டி வைத்து ஒரு மறைப்பாவது கட்டிக் கொடுங்கள்.