பாட்டிலில் இருந்தது தண்ணீர் அல்ல

தாராவியில் உள்ள என் கிளினிக்குக்கு மே மாத மாலை ஒன்றில் பதினாறு வயதுப் பையனை அவன் அம்மா கைத்தாங்கலாக அழைத்து வந்தார். கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்திருந்தன. உதடு வெடித்திருந்தது, நாடி நிமிடத்துக்கு 124. கையில் பாதி நிரம்பிய பாட்டில்.

"தண்ணீர் குடித்தாயா, தம்பி?"

தலையைக் குனிந்துகொண்டான். பாட்டிலில் இருந்தது எச்சில். காலையிலிருந்து சூயிங்கம் மென்று துப்பிச் சேர்த்தது.

மறுநாள் காலை குத்துச்சண்டைப் போட்டிக்கு எடை பார்ப்பார்கள். இயல்பாக 56 கிலோ இருப்பவனை 52 கிலோப் பிரிவில் சேர்த்திருந்தார்கள். கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் எதிராளி சின்னப் பையனாக இருப்பான் என்ற கணக்கு. எதிராளியின் வீட்டிலும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்! மூன்று நாளாகச் சோறு இல்லை. மதிய வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓட்டம். என் எடைக்கருவி 52.7 காட்டியது.

"இன்னும் 700 கிராம்தான் டாக்டர். சிறுநீர் போக ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்களேன்" என்றார் அம்மா. கேட்டதில் கள்ளமில்லை, யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எழுதவில்லை. அந்த வகை மாத்திரைகள் விளையாட்டில் தடை செய்யப்பட்டவை என்பது சின்னக் காரணம்தான். இத்தனை வேகமாகக் குறைந்த எடையில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர். ஒரு லிட்டர் போனால் ஒரு கிலோ. ரத்தத்தின் அளவு குறையக் குறைய இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கும், சிறுநீரகம் தவிக்கும். அவனுக்குக் காலையில் ஒரே முறை போன சிறுநீர் கட்டஞ்சாயா நிறமாம். இதற்குமேல் மாத்திரையும் போட்டால் பொட்டாசியமும் வெளியேறி, இதயத் துடிப்பே தடுமாறலாம். இந்த நிலையில் மேடையேறினால் குத்து வருவது தெரியும், தலை விலகாது.

மழைக்கோட்டு இன்னொரு விபரீதம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். மும்பைப் புழுக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே காயாது. அதன்மேல் பிளாஸ்டிக் என்றால் சூடு உள்ளேயே ஏறும். 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். காற்றுப் புகாத உடையோடு வெப்பத்தில் உடற்பயிற்சி செய்து எடை குறைத்தவர்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடைக்குத் தடை வந்தது.

"அந்தப் பெண் 100 கிராமில் பதக்கத்தை விட்டதே, டாக்டர்" என்றார் அம்மா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டி நாளன்று எடை 100 கிராம் கூடியதால் நீக்கப்பட்ட மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டைச் சொன்னார். அந்த 100 கிராம் எல்லோருக்கும் மனப்பாடம். முந்தைய இரவு அவர் தூங்காமல் உடற்பயிற்சி செய்ததையும், கடைசியில் முடியைக்கூட வெட்டியதையும் யாரும் பேசுவதில்லை. அவரைச் சுற்றி மருத்துவர்களாவது இருந்தார்கள்.

பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான். தினமும் காலையில் கழிவறை போய்வந்ததும் பிள்ளையின் எடையைக் குறித்து வையுங்கள். இரண்டே நாளில் ஒரு கிலோவுக்குமேல் இறங்கினால், அது பெரும்பாலும் தண்ணீர். சிறுநீர் கருத்தாலோ, தலைசுற்றினாலோ, பேச்சு குழறினாலோ போட்டியை மறந்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். வளரும் பிள்ளை எந்த எடையில் இருக்கிறானோ அந்தப் பிரிவில் மோதட்டும், தோற்றாலும் பரவாயில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் கொடுக்கச் சொன்னேன். முதல் மடக்கை விழுங்கியதும் பையன் அழுதுவிட்டான். அம்மா பாட்டிலைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். மழைக்கோட்டை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், ஜூனில் மழை வந்ததும் தருவதாகச் சொல்லி.